மேஸ்திரி மேல் மூன்று உண்ணிகள்

ஐப்பசி மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, மேஸ்திரியின் இடது காது மடிப்புக்குள் ஓர் உண்ணியைக் கண்டேன். கொத்தமல்லி விதை அளவுகூட இல்லை. இடுக்கியால் பிடுங்கி, ஸ்பிரிட் ஊற்றி வைத்திருக்கும் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கித் திருகினேன். இறுகியிருக்கிறதா என்று இன்னும் இரண்டு முறை திருகிப் பார்த்தேன்.

ஓர் உண்ணிக்கா இவ்வளவு என்று கேட்பவர்களுக்காக விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி ரோட்டில் வந்தால், ரெட்டியார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மண்பாதை உள்ளே திரும்பும். அதன் கடைசியில் இருக்கிறது எங்கள் நாய் விடுதி. வெளியூர் போகிறவர்கள் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணம், வேளாங்கண்ணி, சபரிமலை, துபாயில் மகளுக்குப் பிரசவம் என்று மனிதர்களுக்குப் போக ஆயிரம் இடம் இருக்கிறது. நாய்க்கு நாங்கள்தான். முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகையைத் தடுத்துப் பன்னிரண்டு அறைகள் ஆக்கினோம். நடுவே நீளமாக ஒரு நடை. நடையின் கோடியில் எங்கள் சொந்த நாய் மேஸ்திரியின் ஜாகை.

நானும் என் வீட்டுக்காரர் ரொனால்டும்தான் நடத்துகிறோம். அவர் முன்பு பஸ் கம்பெனியில் செக்கராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர். நாய்கள் விஷயத்தில் அந்தக் கறார் கிடையாது. வாலை ஆட்டிவிட்டால் யாரையும் விட்டுவிடுவார். கறாருக்கு நான் இருக்கிறேன். கூட்டிக் கழுவ, சோறாக்க, அய்யனார் என்று ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வருகிறார். நாற்பது வயது, கை சுத்தம், வாய் மட்டும் நிற்காது.

நாய்கள் பல சேர்ந்து இருக்கும் இடத்தில் பெரிய எதிரி கடியும் சண்டையும் அல்ல, பூச்சிகள்தான். ஒரு நாயின் வயிற்றுப் புழு பன்னிரண்டு நாய்க்குப் போக இரண்டு நாள் போதும். ஒரு உண்ணி குடும்பம் நடத்த ஆரம்பித்தால் ஆறு மாதத்துக்கு நம் தூக்கம் போச்சு. அதனால் எங்களிடம் வரும் எந்த நாயும் வாசலில் நின்றுதான் உள்ளே வர வேண்டும். பூச்சி மாத்திரை கொடுத்த சீட்டு, உண்ணி மாத்திரை கொடுத்த சீட்டு, இரண்டும் வேண்டும். அதற்கு மேல் என் கை. காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில், அக்குளில், வாலடியில் என்று எட்டு இடம் தடவிப் பார்ப்பேன்.

எல்லாருக்கும் கோபம் வரும். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள் ஒருவர், "ஏனுங்க, எங்க டாமி ஏசி ரூம்ல படுக்கறவனுங்க. அவனுக்கு ஏதுங்க உண்ணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே டாமியின் புருவத்துக்கு மேலே ஒன்று நடந்து போனது. "இதுவும் ஏசி ரூம்ல படுக்கறதுதானுங்களா?" என்று கேட்டேன். பிறகு அவரே குனிந்து டாமியின் காதைத் தூக்கிக் காட்டினார்.

மேஸ்திரி கோம்பை நாய். செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி, பதினொரு வயது. கொட்டகையைத் தடுத்துச் சுவர் வைத்தபோது கொத்தனார்களின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். இன்றைக்கும் யாராவது ஆணி அடித்தால், குழாய் மாற்றினால், மேஸ்திரி எழுந்து வந்து பார்ப்பார். பார்த்துத் திருப்தியானால்தான் போய்ப் படுப்பார். நாயை மரியாதையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; இந்த விடுதியில் அவர் ஒருவர்தான் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்.

போன ஆடியில் அவருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் சாப்பிடவில்லை, மூக்கில் ரத்தம். திண்டுக்கல்லில் டாக்டர் பவித்ராவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு, அதாவது பிளேட்லெட், இருபத்திரண்டாயிரம்தான் இருந்தது. நடுவில் இரண்டு முறை வலிப்பும் வந்தது. பதினேழு நாள் போராடிப் பிழைக்க வைத்தார்.

கடைசி நாளன்று அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அக்கா, இந்தத் தடவ தப்பிச்சிருச்சு. இன்னொரு தடவ இதே மாதிரி வந்து, முத்தினப்பறம் தூக்கிட்டு வந்தீங்கன்னா என்னால ஒன்னும் செய்ய முடியாது. அதோட உடம்பு தாங்காது. வலிப்பு வந்ததால உண்ணி மாத்திரையும் இதுக்குக் குடுக்க வேண்டாம். முதுகுல விடுற சொட்டு மருந்து மட்டும்தான். அது மெதுவாத்தான் வேலை செய்யும். அதனால இடம் சுத்தமா இருக்கணும். நாய்க்கு மருந்து குடுக்கறத விட நாய் படுக்கற இடத்துக்குக் குடுங்க."

மற்ற நாய்களை உண்ணி கடித்தால் மாத்திரையால் உண்ணி சாகும். மேஸ்திரியைக் கடித்தால் சாவது மேஸ்திரிதான். இப்போது நான் பாட்டில் மூடியை மூன்று முறை திருகியதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

ஆடியிலிருந்தே நான் ஒரு நடைமுறை வைத்திருந்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, இடத்துக்கு மருந்து. பதினோரு வரியில் கொட்டையாக எழுதி, தண்ணீர் படாமல் இருக்க மேலே கண்ணாடித் தாள் ஒட்டி, நடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முதல் வரி, சாமான்களை வெளியே எடுத்தல்: சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்ச் சட்டி, எடை மெஷின், கட்டில், நாற்காலி. இரண்டாவது, நாய்களை வேப்பமரத்தடிக் கம்பிவேலிக்குள் விடுதல். மூன்றாவது, சாக்குப் படுக்கைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போடுதல். நான்காவது, சுவர் வெடிப்புகளிலும் மூலைகளிலும் கேஸ் தீக்குழாய் காட்டுதல். இப்படியே போய், டேங்க்கை முதுகில் மாட்டி மருந்தடித்து, தரை காய்ந்த பிறகு சாமான்களை உள்ளே கொண்டுவருவதோடு முடியும். ஒரு வரி செய்து முடித்ததும் அய்யனார் சத்தமாக எண்ணைச் சொல்வார். நான் வெளியிலிருந்து "ஆச்சா?" என்று கேட்பேன். அவர் "ஆச்சுக்கா" என்பார். ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

அப்படியிருக்க உண்ணி எங்கிருந்து வந்தது?

ஒன்றுதானே, ஆடு மேய்ந்த பாதையில் ஒட்டியிருக்கும் என்று ரொனால்டு சொன்னார். சரி என்றேன். அடுத்த திங்கட்கிழமை இரண்டு இருந்தன. அதற்கடுத்த திங்கட்கிழமை மூன்று. வாய்ப்பாடு படிப்பதுபோல் ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒரு சனிக்கிழமை பதினோரு வரியும் பிசகாமல் நடந்துதான் இருந்தது. மற்ற நாய்கள் ஒவ்வொன்றையும் எட்டு இடத்திலும் பார்த்தேன். ஒன்றின் மேலும் உயிருள்ள உண்ணி இல்லை. மேஸ்திரி மேல் மட்டும்.

முதலில் அய்யனாரைப் பிடித்தேன்.

"அய்யனாரு, உங்க வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கா?"

"எங்க வீட்ல நாயே இல்லையேக்கா. பூனைதான இருக்கு."

"பூனைக்கு?"

"அது என்னையவே தொட விடாது. உண்ணிய விடுமா?"

"வர்ற வழியில தெரு நாயத் தொடுவியா?"

"அக்கா, நான் இங்க நாயப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி மூஞ்சியே எனக்கு நாய் மாதிரி தெரியுது. வழியில வேற போயித் தொடுவேனா?"

அதை அவர் பொண்டாட்டியிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். இருந்தாலும் மறுநாளிலிருந்து வந்ததும் உடை மாற்றிக்கொள்ள வைத்தேன்.

அடுத்தது ரொனால்டு. செக்கர் வேலையில் இருந்தவர் அல்லவா, நான் எதிரே வந்து நின்ற தோரணையிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நடையின் கோடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். மேஸ்திரி வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில்.

"இந்த ரெண்டு மாசத்துல நான் பாக்காம எதாவது நாய் உள்ள வந்துச்சா?"

"அதெப்படி வரும்?"

"வந்துச்சான்னுதான் கேட்டேன்."

அவர் சட்டைப் பையைத் தடவினார், கண்ணாடியைத் துடைத்தார், பனியனை இழுத்துவிட்டார். கடைசியில், "ஸ்வீட்டி நாயா?" என்றார்.

ஸ்வீட்டி அவருடைய தங்கை கிளாராவின் வெள்ளைப் பொமரேனியன். கிளாரா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். புரட்டாசியில் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனபோது எட்டு நாள் ஸ்வீட்டியை எங்களிடம் விட்டாள். விட வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பூசைக்குப் போயிருந்தேன்.

"நீ வர்ற வரைக்கும் வாசல்ல நிறுத்தி வைக்கவா? என் கூடப் பொறந்தவ. அவ நாயப் போயி காதத் தூக்கு, வாலத் தூக்குன்னு..."

"சீட்டாவது வாங்குனீங்களா?"

"கேட்டேன். இருக்குன்னு சொன்னா."

"டிக்கெட் இருக்குன்னு சொன்னா விட்டுருவீங்களோ, பஸ்ல?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. புரட்டாசியில் எட்டு நாள் ஸ்வீட்டி, ஐப்பசியில் உண்ணி. முட்டை, பொரிக்கும் காலம், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கச்சிதமாகப் பொருந்தினால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும். அது என் சுபாவம்.

மூன்று உண்ணி எடுத்த அந்தத் திங்கட்கிழமை காலையே கிளாராவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"கிளாரா, உன் நாய் கொண்டாந்த உண்ணி இங்க மேஸ்திரியக் கடிக்குது."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"மதினி, என்ன சொன்னீங்க?"

"ஸ்வீட்டியச் சோதிக்காம உங்கண்ணன் உள்ள விட்டுட்டாரு. அதுல இருந்துதான் வந்திருக்கு. மேஸ்திரிக்கு மறுபடி காய்ச்சல் வந்தா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உனக்குத் தெரியுமில்ல?"

"மேஸ்திரி பாவம், அது எனக்குத் தெரியும். ஆனா எஞ்ஸ்வீட்டி மேல உண்ணின்னு நீங்க பாத்தீங்களா? ஒரு உண்ணி? ஒரே ஒரு உண்ணி?"

"பாக்கல. ஆனா வேற வழி இல்ல."

"வேற வழி இல்லேன்னா என் நாயா? நல்லாருக்கு மதினி. பிளவுசு டைட்டாப் போச்சுன்னா தச்சவதான் காரணம்ங்கிற கதையால்ல இருக்கு. இருங்க, நான் வாரேன்."

"எதுக்கு?"

"வாரேன்னு சொன்னேன்ல."

மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஸ்வீட்டி வரவில்லை; அதன் கோப்பு வந்தது. மெய்யாகவே கோப்புதான். டாக்டர் பவித்ரா கையெழுத்துப் போட்ட உண்ணி மாத்திரைச் சீட்டு, ஆவணி மாதத்தது ஒன்று, புரட்டாசி மாதத்தது ஒன்று, பூச்சி மாத்திரைச் சீட்டு, வெறிநாய்க்கடி ஊசிச் சீட்டு, எல்லாம் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். என்னுடையதைவிட ஒழுங்கு.

"பாத்துக்கங்க. தேதியெல்லாம் சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. நான், "மாத்திரை குடுத்தாலும் மேல ஒட்டிட்டு வரலாம்" என்றேன். எனக்கே சத்தம் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

"அப்டியா? சரி. நீங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருக்கேன். கடையப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லி, நடையின் கோடிக்குப் போய், அண்ணனின் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். படுக்க வந்த ரொனால்டு தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏலே அய்யனாரு, டீ போட்டுக் குடு" என்றார், நிலைமையைச் சமாளிக்க.

"எனக்கு வேண்டாம்ணே" என்றாள் கிளாரா. "நான் மதினி வீட்டுல டீ குடிச்சா அதுலயும் ஸ்வீட்டி முடி இருந்துச்சும்பாக."

அய்யனார் டீயைப் போட்டு எனக்கும் கொடுக்கத் தயங்கி, தானே குடித்தார். நான் அலமாரியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும்.

"மதினி."

"என்ன?"

"இங்க வாங்க. நான் அசையல. என் முழங்கைக்கிட்டப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அவளுடைய மஞ்சள் சேலை மடிப்பின் மேல் ஓர் உண்ணி, மெதுவாக, ஊருக்குப் புதிதாக வந்தவன் விலாசம் தேடுவதுபோல் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"ஸ்வீட்டி இப்ப வீட்ல மெத்தையில தூங்குது" என்றாள் கிளாரா. "இது என்கூட வரல. எங்கேருந்து வந்துச்சு, சொல்லுங்க."

நான் இடுக்கியை எடுத்து வருவதற்குள் அவள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். தையல்காரியின் கண் வேறு. நாங்கள் கட்டிலைக் கட்டிலாகப் பார்ப்போம். அவள் முடிச்சையும் இழையையும் பார்ப்பாள். குனிந்து, கயிறு சட்டத்தைச் சுற்றி வளைந்து போகும் இடத்தில் முகத்தை வைத்தாள். சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள்.

பொலபொலவென்று உதிர்ந்தன. குஞ்சும் குளுவானும் கிழடுமாக, தரையில் விழுந்து நாலாபக்கமும் நடந்தன.

"ஏசுவே" என்றார் ரொனால்டு. தலையணையைக் கீழே போட்டார்; பிறகு அவசரமாக எடுத்துக்கொண்டார்.

அய்யனார் கட்டிலை மெல்லக் கவிழ்த்தார். கால்கள் சட்டத்தில் செருகும் இடத்தில் இருந்த இடைவெளிகளில் முட்டைகள் கசகசா கொட்டிவைத்ததுபோல் இருந்தன. கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வீடு. மேஸ்திரி தினமும் மத்தியானம் கட்டிலுக்கு அடியில் படுப்பார். மேலேயிருந்து இறங்கினால் சாப்பாடு, சாப்பிட்டு முடித்து ஏறினால் வீடு. பக்கத்து அறை நாயிடம் போக வேண்டிய அவசியமே அவற்றுக்கு இல்லை. நாய் உண்ணிக்கு நாய் கிடைக்கும்போது மேலே படுத்திருக்கும் ரொனால்டும் தேவையில்லை.

"ஏங்க்கா, இந்தக் கட்டிலுக்கு நம்ம மருந்தே அடிச்சதில்லையே" என்றார் அய்யனார்.

"ஏன் அடிக்கல?" என்று திரும்பினேன்.

அவர் சுவரைக் காட்டினார். என் கையெழுத்து. முதல் வரி. சாமான்களை வெளியே எடுத்தல்.

ரொனால்டு வெறும் மேலோடு படுக்கிற கட்டில், மருந்து பட்டால் உடம்புக்கு ஆகாது என்று நான்தான் எழுதினேன். ஆடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் கட்டிலை இரண்டு பேராகப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் வைத்தோம். உள்ளே சுவர், தரை, மூலை, முடுக்கு எல்லாவற்றுக்கும் தீயும் மருந்தும் காட்டினோம். காய்ந்ததும் உண்ணிகளை மறுபடியும் இரண்டு பேராகத் தூக்கி வந்து மேஸ்திரியின் தலைக்கு மேலே வைத்தோம். ஆச்சா என்று நான் கேட்டேன். ஆச்சுக்கா என்று அவர் சொன்னார்.

கிளாரா ஊக்கை அய்யனாரிடம் நீட்டி, "இதத் தீயில காட்டிட்டுக் குடுங்க" என்றாள்.

கட்டிலை அப்போதே வெளியே கொண்டுபோனோம். இந்தத் தடவை வேப்பமரத்தடிக்கு அல்ல, குப்பை எரிக்கும் குழிக்கு. ரொனால்டு கூடவே நடந்து வந்தார்.

"கயித்த மட்டும் அறுத்து எரிச்சுட்டுச் சட்டத்தச் சுடுதண்ணில கழுவுனா போதாதா? ஆறடி ரெண்டு அங்குலம், எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. கடையில விக்கிற கட்டில்ல என் காலு வெளிய தொங்கும்."

"தொங்கட்டும்" என்றேன்.

"தொங்குற காலுக்கு நான் உறை தச்சுத் தாரேன்ணே" என்றாள் கிளாரா.

அய்யனார் நடையின் அந்தக் கோடி முழுக்கத் தீக்குழாய் காட்டிவிட்டு, கட்டிலுக்குத் தீ வைத்தார். காய்ந்த கயிறு குபீரென்று பிடித்தது. நான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். அப்போதுதான் எனக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது, மேஸ்திரி எங்கே?

நடைக்குள் ஓடினேன். தீக்குழாய்க்காக அய்யனார் அவரை ஐந்தாம் அறையில் விட்டிருந்தார். அங்கேயே தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தார். வெளியே எடுத்து வைத்திருந்த அவருடைய தட்டில் காலையில் வைத்த சோறு பாதி அப்படியே இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. போன் போடுவதிலும் சண்டை போடுவதிலும் இருந்திருக்கிறேன். காதைத் தொட்டேன். சுட்டது.

தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்று மூன்று புள்ளி எட்டு.

"வண்டிய எடுங்க" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, ரொனால்டு தலையணையோடு ஓடினார்.

பழைய ஆம்னி வேனின் பின்சீட்டில் நானும் கிளாராவும் உட்கார்ந்தோம். நான் கூப்பிடவில்லை, அவளாகவே ஏறினாள். மேஸ்திரியின் தலை அவள் மடியில், பின்னுடம்பு என் மடியில். மஞ்சள் சேலை முழுவதும் செம்மண்ணும் எச்சிலும். அவள் அதைப் பார்க்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "கிளாரா, நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எது?"

"ஸ்வீட்டியச் சொன்னது."

"ம்."

"உங்கிட்டச் சீட்டு எப்டி இருக்குன்னுகூட ஒரு வார்த்தை கேக்காம பேசிட்டேன்."

"மதினி, இப்ப அதையே வரிசையாச் சொல்லிட்டு வராதீங்க. எனக்கு அழுகை வரும். மொதல்ல இது பிழைக்கட்டும். அப்பறம் ஒரு நாள் உக்காந்து நல்லாச் சண்ட போடுவோம்."

முன்சீட்டிலிருந்து ரொனால்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல, எந்தங்கச்சி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

டாக்டர் பவித்ரா ரத்தம் எடுத்துக்கொண்டார். எப்போது சாப்பாடு குறைந்தது என்று கேட்டார். இன்று காலை என்றேன். உண்ணியை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்றார். மூன்று திங்கட்கிழமைகளையும் தேதியோடு சொன்னேன், எத்தனை, எந்த இடத்தில் என்பதையும். கட்டில் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டது தெரிந்தது.

"எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு வீட்ல இதேதான்க்கா. நாய்க்கு எல்லாம் பண்ணுவாங்க. சோபாவுக்குப் பின்னாடி பாக்க மாட்டாங்க. ரிப்போர்ட் வர வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம். இருபத்தெட்டு நாள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. பால், தயிரோட குடுக்காதீங்க, மருந்து உடம்புல சேராது."

மறுநாள் காலை பத்தரைக்குப் போன் வந்தது. தட்டணு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"கொறஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "காய்ச்சல் உண்ணியாலதான். ஆனா ஆடியில நீங்க தூக்கிட்டு வந்தப்ப இருபத்திரண்டு. இப்ப ஒன்னு பத்து. அன்னைக்கு முத்தினப்பறம் வந்தீங்க, இன்னைக்கு மொத நாளே வந்திருக்கீங்க. பிழைச்சிரும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். நம்பிக்கைக்கு இடம் இருக்கு, அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

அம்புட்டு போதும் என்றேன்.

இருபத்தெட்டு நாளும் எப்படிப் போயின என்று விரிவாகச் சொல்லப்போவதில்லை. மாத்திரை கசப்பு. சோற்றில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பி, நடுநடையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைப்பார். கோழி ஈரலைக் கீறி உள்ளே வைத்தால் விழுங்கினார். தினமும் காலையில் அய்யனார் ஈரல் வாங்கி வந்தார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் ஒரு கிண்ணம் சோறு முழுதாக உள்ளே போனது. பன்னிரண்டாம் நாள் பிளம்பர் வந்து குழாயைக் கழற்றியபோது, மெதுவாக எழுந்து, தள்ளாடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிளம்பர், "இது என்னம்மா, முறைக்குது?" என்றான். "வேலை சரியா இருக்கான்னு பாக்குறாரு, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சுவரில் இருந்த பட்டியலை எடுத்துவிட்டேன். புதிதாக எழுதியதில் பதினான்கு வரிகள். எழுதி முடித்ததும் அய்யனாரைப் படிக்கச் சொன்னேன். அவர் விரல் வைத்துப் படித்துவிட்டு, "எடை மெஷினுக்கு அடியில யாருக்கா பாக்குறது?" என்றார். பதினைந்து வரிகள். ரொனால்டுக்கு இப்போது இரும்புக் கட்டில். கால் வெளியேதான் தொங்குகிறது. கிளாரா உறை தைத்து அனுப்பவில்லை, ஆனால் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலை, நான் மூன்றாம் அறை நாயின் கால்விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் பவித்ராவின் போன் வந்தது. நின்றுகொண்டே கேட்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. ரொனால்டு பத்தடி தூரத்தில்தான் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லாமல் முதலில் கிளாராவுக்குப் போட்டேன்.

"என்ன மதினி?"

"ரிப்போர்ட் வந்திருச்சு."

மெஷின் சத்தம் நின்றது. "எம்புட்டு?"

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

கடையில் யாரோ, "அக்கா, என் பிளவுசு என்னாச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது. கிளாரா அவளிடம், "செத்த இரு தாயி" என்றாள். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கிழம வாரேன். கறி எடுத்துட்டு வாரேன். மேஸ்திரிக்கு எலும்பு தனியா" என்றாள்.

"வா."

"ஸ்வீட்டியையும் கூட்டிட்டு வரட்டா?"

"கூட்டிட்டு வா. ஆனா வாசல்ல நிக்கணும். எட்டு இடமும் பாப்பேன்."

"பாருங்க, பாருங்க" என்றாள் கிளாரா. "அப்டியே உங்க வீட்டுக்காரர் தலையணையையும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்துருங்க. அன்னைக்குக் கட்டிலோட சேத்து எரிக்கலையே அத?"

எரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு ரொனால்டின் தலையணையைத் தேடிப் போனேன்.